முதல் ஹெட்ஃபோன், இரண்டாயிரம் ரூபாய்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: 3 ஆகஸ்ட் 2024, காலை

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கு மின்சார ரயிலில், ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் போய்வருகிறேன். கைப்பேசியோடு வந்த பழைய இயர்ஃபோனில் ஒரு பக்கம் செத்துவிட்டது. புதிய கைப்பேசியில் ஹெட்ஃபோன் துளையே இல்லை. பாட்டு, கச்சேரி, பாடக் காணொளி மூன்றும் கேட்பேன். 50 மில்லிமீட்டர் டிரைவர், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், கூடுதல் பேஸ் என்று பெட்டியில் போட்டிருப்பதாகப் பார்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒன்று வாங்கினால் போதுமா, ஐயா?

3 ஆகஸ்ட் 2024, மாலை

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களை முதலில் ஒதுக்கி வையுங்கள், தம்பி. "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்" என்பது மனிதக் காதின் எல்லையாகப் பாடப்புத்தகம் சொல்லும் எண். அந்தக் கருவியைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. அந்த எல்லைக்குள் எந்த அதிர்வெண் எத்தனை டெசிபெல் ஏறுகிறது, எது எத்தனை இறங்குகிறது என்பதை விட்டுவிட்டு இரு முனைகளை மட்டும் சொல்வது, சாலை செங்கல்பட்டில் தொடங்கிக் கிண்டியில் முடிகிறது என்று சொல்லிவிட்டு நடுவிலுள்ள பள்ளங்களைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பதைப் போன்றது. நூறு ரூபாய் இயர்ஃபோனின் அட்டையிலும் இதே எண்ணைப் பார்க்கலாம்.

ஒலியை எழுப்பும் தகடான டிரைவரின் அளவும் அப்படித்தான். காதைச் சுற்றி உட்காரும் ஹெட்ஃபோனில் 40 அல்லது 50 மி.மீ. டிரைவர் இருக்கும், காதுக்குள் நுழையும் இயர்ஃபோனில் 10 மி.மீ. டிரைவரே தாராளம். காதுக்குழாயை நன்றாக அடைத்துக்கொண்டால் அது அசைக்க வேண்டிய காற்று மிகக் கொஞ்சம் என்பதால், அந்தச் சின்னத் தகடே மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கனத்த ஓசையை முழுதாகக் கொடுத்துவிடுகிறது. அடைப்பு சரியில்லை என்றால் 50 மி.மீ. இருந்தும் பேஸ், அதாவது தாழ்ந்த ஓசை, வராது.

ஆகவே நீங்கள் முதலில் விடை காண வேண்டியது எங்கே கேட்கப் போகிறீர்கள் என்ற கேள்விக்கு. உங்கள் விடை மின்சார ரயில் என்பதால், பின்புறம் திறந்த ஹெட்ஃபோன்கள் அனைத்தையும் இப்போதே நீக்கிவிடலாம். அவற்றின் ஒலி விரிவாகவும் இயல்பாகவும் இருக்கும் என்று படித்திருப்பீர்கள்; அது உண்மை. ஆனால் திறந்த பின்புறம் வழியாக ரயிலின் இரைச்சல் முழுதாக உள்ளே வரும், உங்கள் பாட்டு முழுதாக வெளியே போகும். நான் பல ஆண்டுகளாக வீட்டில் வைத்திருக்கும் பிலிப்ஸ் எஸ்.எச்.பி. 9500 அந்த வகை. அதைத் தலையில் மாட்டிக்கொண்டு இரவு பதினொரு மணிக்கு ஒரு தனி ஆவர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அடுத்த கட்டிலிலிருந்து என் மனைவி தாளம் போட்டு, எனக்கு உறைக்கும்படி செய்தார்.

பின்புறம் மூடிய பெரிய ஹெட்ஃபோன் வாங்கலாமா என்றால், ஆகஸ்டு மாதச் சென்னையில் நெரிசல் நேரத்துப் பெட்டியில் இரண்டு காதுகளையும் மெத்தைக்குள் வைத்து ஒன்றேகால் மணி நேரம் நிற்பதைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள். உங்களுக்கு ஏற்றது காதுக்குள் அடைத்து உட்காரும், வயர் உள்ள இயர்ஃபோன். இந்த விலையில் புளூடூத் வாங்கினால், கொடுக்கும் பணத்தில் பாதி பேட்டரிக்கும் சிப்புக்கும் சார்ஜ் பெட்டிக்கும் போய்விடும். ஒலிக்கு மிஞ்சுவது சொற்பம். புளூடூத் வேண்டவே வேண்டாம். மின்தடையைக் குறிக்கும் ஓம் அளவு 32ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் சிறு மின்சாரத்தால் அதற்கு மேல் தள்ள இயலாது.

3 ஆகஸ்ட் 2024, இரவு

துளை இல்லாத கைப்பேசி என்று எழுதியிருந்ததை மறந்தே போனேன். டைப்-சி முனையிலிருந்து 3.5 மி.மீ. துளைக்கு மாற்றும் சிறு டாங்கிள் ஒன்றும் வாங்க வேண்டும். எண்களாக உள்ள பாட்டை இயர்ஃபோனுக்கான மின்னலையாக மாற்றும் டி.ஏ.சி. சிப் அதற்குள்ளேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சிப் இல்லாத வெறும் மாற்றிகள் சில கைப்பேசிகளில் மட்டுமே வேலை செய்யும். மற்றவற்றில் செருகினால் ஓசையே வராது, கடைக்காரரும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார். ஆப்பிள் விற்கும் சின்ன வெள்ளை டாங்கிள் அளவில் அற்பமாகத் தெரிந்தாலும் ஒலியில் மிகச் சுத்தமானது. அதையே வாங்குங்கள்.

5 ஆகஸ்ட் 2024

பெயர் சொல்லுங்கள் என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டார்கள். பெயர் சொல்வதில் எனக்குள்ள தயக்கம், ஆறு மாதத்தில் அந்த மாதிரி சந்தையிலிருந்து மறைந்து, அதே பெயரில் வேறொன்று நிற்கும் என்பதுதான். இருந்தாலும் சொல்கிறேன்: மூன்டிராப் சூ-வின் இரண்டாம் பதிப்பு, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் சீரோ ஆகிய இரண்டும் ஒற்றை டிரைவர் கொண்ட சீன இயர்ஃபோன்கள், இரண்டிலும் வயரைக் கழற்றி மாற்றலாம். சூ-வின் முதற்பதிப்பில் வயர் நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்தது. வயர் போனால் இயர்ஃபோனே போயிற்று. இரண்டாம் பதிப்பில் 0.78 மி.மீ. இரட்டைப் பின் வைத்து அந்தக் குறையைத் தீர்த்தார்கள். தினமும் ரயிலில் ஏறி இறங்குகிறவருக்கு இந்த ஒரு வசதி, நான்கு டிரைவர் இருப்பதைவிடப் பெரிது. டிரைவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், அவை ஒன்றோடொன்று சண்டையிடும் இயர்ஃபோன்களும் இதே விலையில் கிடைக்கின்றன. ஒரு பேருந்துக்கு ஒரு டிரைவர் போதும்.

எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு என் சொந்த அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன். 2011இல் என் முதல் "நல்ல" இயர்ஃபோனை சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஒரு சந்துக்கடையில் பாதி விலைக்கு வாங்கினேன். உலகறிந்த ஒரு நிறுவனத்தின் பெயர், பளபளப்பான பெட்டி, உத்தரவாத அட்டை எல்லாம் இருந்தன. இரண்டு மாதம் கழித்துத்தான், இடம் வலம் என்று குறிக்கும் ஆங்கில எழுத்துகள் இரண்டு பக்கமும் 'எல்' என்றே அச்சாகியிருப்பதைக் கவனித்தேன். அதுவரை அதன் ஒலியை நண்பர்களிடம் புகழ்ந்துகொண்டிருந்தேன் என்பதுதான் இதில் வெட்கப்பட வேண்டிய பகுதி. அந்தத் தெருவில் நேர்மையான கடைகள் நிறைய உண்டு. வேறு பொருள்களுக்கு நான் இன்றும் அங்கேதான் போகிறேன். ஆனால் பெயர்பெற்ற இயர்ஃபோன் பாதி விலைக்குக் கிடைத்தால், மீதிப் பாதி எங்கே போயிற்று என்று கேட்டுக்கொள்வது நல்லது.

6 ஆகஸ்ட் 2024

என் முதற்குறிப்பில் ஒரு பிழை இருக்கிறது, அதைப் பிறர் சுட்டிக்காட்டும்படி ஆகிவிட்டது. 32 ஓமைத் தாண்டக் கூடாது என்று எழுதினேன். "நீங்கள் மேசையில் பயன்படுத்துவதாக முன்பு சொன்ன காஸ் கே.எஸ்.சி. 75 எத்தனை ஓம்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 60 ஓம். அதைக் கைப்பேசியில் செருகி ஆண்டுக்கணக்கில் கேட்கிறேன், முழு ஒலியில் ஒருமுறைகூட வைத்ததில்லை. 1991இலிருந்து ஒலிப்பதிவுக் கூடங்களில் உழைத்துவரும் சோனி எம்.டி.ஆர். 7506 ஹெட்ஃபோனும் 63 ஓம்தான். மடிக்கணினியில் தாராளமாகப் பாடுகிறது.

ஓம் அளவை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதோடு உணர்திறனையும், அதாவது கொடுக்கும் மின்சாரத்துக்குக் கருவி எவ்வளவு உரக்க ஒலிக்கிறது என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். உணர்திறனை ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்றும் எழுதுவார்கள், ஒரு வோல்ட்டுக்கு இத்தனை டெசிபெல் என்றும் எழுதுவார்கள். இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் கணக்கு தவறிப்போகும். கணக்கு எளியது. ஒரு வோல்ட் கொடுத்தால் 32 ஓம் ஹெட்ஃபோன் சுமார் 31 மில்லிவாட்டை எடுத்துக்கொள்ளும், 300 ஓம் ஹெட்ஃபோன் மூன்று மில்லிவாட்டுக்குச் சற்றே கூடுதலாக எடுத்துக்கொள்ளும். அதாவது மில்லிவாட் கணக்கில் இரண்டுக்கும் ஒரே உணர்திறன் போட்டிருந்தாலும், அதே கைப்பேசியில் 300 ஓம் ஹெட்ஃபோன் ஏறத்தாழ 10 டெசிபெல் மெதுவாக ஒலிக்கும். சென்ஹைசர் எச்.டி. 600 போன்ற 300 ஓம் ஹெட்ஃபோன்களுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று சொல்வதன் காரணம் இதுதான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பெயர்டைனமிக் டி.டி. 770 புரோ ஹெட்ஃபோன் 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையாக வந்திருக்கிறது. இணையத்தில் யாரோ புகழ்ந்தது எந்த வகை என்று பாராமல் வாங்கியவர்கள் பலர். உங்கள் விலையில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. இரண்டாயிரம் ரூபாய் இயர்ஃபோன்கள் எல்லாம் கைப்பேசியை எண்ணியே செய்யப்படுகின்றன.

6 ஆகஸ்ட் 2024, சற்று நேரம் கழித்து

காஸ் என்று எழுதியதும் ஒரு கிளைக்கதை. அந்த நிறுவனத்தின் போர்ட்டா புரோ 1984இல் வந்தது. இன்றும் ஏறக்குறைய அதே உருவத்தில், அதே 60 ஓமில் விற்கிறது. 75 என்ற மாதிரியோ தலைப்பட்டையே இல்லாமல் ஒவ்வொரு காதிலும் கொக்கிபோல் மாட்டிக்கொள்வது; பார்ப்பதற்குக் காது கேட்கும் கருவி பழுதானதுபோல் இருக்கும். இவற்றைப் பார்த்தால், கடந்த மாதம் வெளியானது என்பதற்காக ஒன்றை வாங்கத் தோன்றாது. ஆனால் இரண்டுமே காதை அடைக்காத வகை, தம்பிக்கு ஆகாது. நான் சொல்லிவிட்டேனே என்று வாங்கிவிட வேண்டாம்.

9 ஆகஸ்ட் 2024

"வாங்கிய பிறகு நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்கு எல்லாமே நன்றாகத்தான் கேட்கிறது" என்று தம்பி கேட்டிருக்கிறார். இதைக் கேட்கும் துணிவு எனக்கு 2011இல் இருந்திருந்தால் இரண்டு 'எல்' கதை நடந்திருக்காது.

புதிய பாட்டுகளை வைத்துச் சோதிக்காதீர்கள். நேரில் கேட்டுப் பழகிய ஓசையை வைத்துச் சோதியுங்கள். மிருதங்கம் மிகச் சிறந்த சோதனைக் கருவி. அதன் வலப்பக்கமான வலந்தலையில் சாப்பு என்ற அடி விழும்போது தோலின் கணீரென்ற நாதமும் விரல் பட்ட ஒலியும் தனித்தனியே கேட்க வேண்டும். தொப்பியில் கையை அழுத்தித் தேய்த்துக் குமுக்கி கொடுக்கும்போது அந்த ஓசை வளைந்து ஏறுவதைக் காது பின்தொடர முடிய வேண்டும். "கூடுதல் பேஸ்" என்று விற்கப்படும் இயர்ஃபோன்களில் அந்த வளைவு கரைந்து, எல்லா அடியும் ஒரே "தொம்" என்று விழும். முதலில் கேட்கையில் அது கம்பீரமாக இருக்கும். அரை மணி நேரத்தில் யார் வாசித்தாலும் ஒருவரே வாசிப்பதுபோல் ஆகிவிடும்.

அடுத்தது தம்புரா. தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் வைக்கும் நூலால் தந்தி பூக்கும் அந்த ரீங்காரம், உயர்ந்த ஓசைகளுக்குரிய டிரெபிள் பகுதியில் இருக்கிறது. அது அறவே கேட்கவில்லை என்றால் மேல்பகுதி மங்கல். வெட்டுக்கிளி கத்துவதுபோல் கேட்டால் மேல்பகுதி மிகை. பாடகரின் "ஸ", "ச" இரண்டும் ஊசிபோல் குத்தினால் பெரும்பாலும் 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் பகுதி தூக்கலாக இருக்கிறது என்று பொருள். மூன்றாவதாக நாகஸ்வரம். காதுக்குழாய்க்கே இயற்கையாக 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஓர் ஒத்ததிர்வு உண்டு. ஹெட்ஃபோன் மாட்டும்போது அந்த இயற்கை மாறிவிடுவதால், அந்த இடத்தில் கருவி வேண்டுமென்றே ஒலியை ஏற்றிக் கொடுத்தாக வேண்டும். குறைவாக ஏற்றினால் நாகஸ்வரம் அடுத்த தெருக் கல்யாணத்தில் வாசிப்பதுபோல் இருக்கும், அதிகமாக ஏற்றினால் அதன் ஊதுமுனையான சீவாளி உங்கள் காதுக்குள் இருக்கும்.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வையுங்கள். ஒன்றிரண்டு டெசிபெல் உரக்க ஒலிப்பது எதுவானாலும் அதுவே தரமானது என்று மனம் தீர்ப்பு எழுதிவிடும். கடைக்காரர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

10 ஆகஸ்ட் 2024

"இரண்டாயிரத்துக்கு என்ன தரம் கிடைத்துவிடும், பத்தாயிரமாவது போட வேண்டாமா" என்று ஒரு நண்பர் அலுத்துக்கொண்டிருக்கிறார். அலுப்பு நியாயமானது, ஆனால் அளந்து பார்த்தவர்கள் சொல்வது வேறு. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அதிர்வெண் அளவீடுகளை அவற்றின் விலையோடு வைத்துப் பார்த்து, இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று 2017இல் அமெரிக்க ஒலியியல் கழகத்தின் ஆய்விதழில் எழுதினார். அதற்கு முன்பே ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் அவரது குழுவினரும், கருவியின் பெயரும் விலையும் தெரியாமல் கேட்கவைத்துப் பல சோதனைகள் நடத்தியிருந்தார்கள். நல்ல அறையில் நல்ல ஒலிபெருக்கியைக் கேட்பதுபோன்ற சமநிலையையே பெரும்பாலான மக்கள் விரும்பினார்கள். இன்று மலிவான சீன இயர்ஃபோன்கள் திடீரென்று நன்றாக ஒலிப்பதற்கு, அந்தச் சமநிலையை அதிர்வெண் வாரியாகக் காட்டும் கோடு எல்லோர் கையிலும் கிடைத்திருப்பது முக்கியமான காரணம் என்பது என் கணிப்பு. கோடு தெரிந்தால் அதற்கேற்ப ஒற்றை டிரைவரைச் சீர்படுத்துவதற்குப் பெரிய செலவு ஆவதில்லை.

விலை ஏறும்போது எதுவுமே கிடைப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. கட்டுமானம், வசதி, உதிரி மெத்தை கிடைப்பது, வயரின் உழைப்பு எல்லாம் விலையோடு மேம்படும். ஆனால் தொடங்குகிறவர் பத்தாயிரம் கொடுத்துவிட்டு, தனக்குப் பின்புறம் திறந்தது பிடிக்குமா மூடியது பிடிக்குமா என்பதை அதற்குப் பிறகு கண்டுபிடிப்பது வீண் செலவு. என் அலமாரியில் அப்படி மூன்று இருக்கின்றன.

11 ஆகஸ்ட் 2024

இயர்ஃபோனை நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி "பழுத்துவிடும்" என்று ஒருவர். நானும் ஒரு காலத்தில் புது ஹெட்ஃபோனைத் தலையணைக்கடியில் வைத்து இரவெல்லாம் பாடவிட்டிருக்கிறேன். பழுத்தது என் காதுதான். திருப்பிக் கொடுக்கும் கெடு பத்து நாளென்றால், அந்தப் பத்து நாளுக்குள் பிடிக்கிறதா என்று பாருங்கள்; பதினோராம் நாள் பழுக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

17 ஆகஸ்ட் 2024

புளூடூத் வேண்டவே வேண்டாம் என்று முதல் நாள் அடித்து எழுதியதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். என் தங்கை மகள் சென்ற வாரம் வந்திருந்தாள். அவளுக்கும் இதே விலையில் வயர் உள்ள இயர்ஃபோன் ஒன்றைப் போன ஆண்டு வாங்கிக் கொடுத்தேன். பேருந்தில் முன்னாலிருந்தவரின் பையில் வயர் மாட்டி, அவர் இறங்கும்போது கைப்பேசியும் சேர்ந்து இறங்கியதாம். திரை உடைந்ததற்கு ஆன செலவில் இரண்டு புளூடூத் இயர்ஃபோன் வாங்கியிருக்கலாம். "மாமா, உங்கள் ஒலித்தரம் எனக்கு மூவாயிரத்து இருநூறு ரூபாய்" என்றாள். எனக்கு பதில் இல்லை.

ஆகவே கணக்கை இப்படி மாற்றிச் சொல்கிறேன். நெரிசலில் எழுபது பேரோடு நிற்பவர்களுக்கு வயரற்றது ஒரு பாதுகாப்பு. ஒலித்தரத்தில் இழப்பது எவ்வளவு என்பதும் நாம் பயமுறுத்திய அளவுக்கு இல்லை. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் அடிப்படைக் குறிமுறையான எஸ்.பி.சி. நொடிக்கு 328 கிலோபிட் வரை அனுப்பவல்லது; ரயில் இரைச்சலில் அதற்கும் வயருக்கும் உள்ள வேறுபாட்டை நான் கண்டுபிடிப்பேன் என்று பந்தயம் கட்ட மாட்டேன். மலிவான புளூடூத் இயர்ஃபோன் மட்டமாக ஒலிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் குறிமுறை அன்று, பேஸை அளவுக்கு மீறி ஏற்றிச் சீர்படுத்தியிருப்பதுதான். அதில் ஓரளவை, ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஈக்வலைசரில் இறக்கிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற செயலியும், விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏ.பி.ஓ.வும் இதற்கு உதவும்.

ஆனால் மூன்று குறைகளைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். ஒன்று, அந்தச் சிறு பேட்டரிகள் ஓரிரு ஆண்டுகளில் தளரும், அவற்றை மாற்றவும் முடியாது. இரண்டு, ஒலி சற்றுத் தாமதித்து வரும். படம் பார்க்கும்போது செயலிகள் அதைச் சரிக்கட்டிவிடும், ஆனால் விளையாட்டிலும் கீபோர்டு வாசிப்பதிலும் அந்தத் தாமதம் உறுத்தும். மூன்றாவது குறைக்குத் தனியாக ஒரு பத்தி தேவைப்படுகிறது, ஏனெனில் மடிக்கணினியில் இணைய வகுப்பில் சேரும் மாணவர்கள் எல்லோரும் இதில் ஏமாந்து, "என் இயர்ஃபோன் கெட்டுவிட்டது" என்று எழுதுகிறார்கள்.

பாட்டு கேட்கும்போது புளூடூத் ஒரு வழியில் மட்டும் ஒலியை அனுப்புகிறது. வகுப்பில் சேர்ந்து இயர்ஃபோனின் மைக்கைத் திறந்த உடனே அது பேச்சுக்கான வேறொரு முறைக்குத் தாவுகிறது. அந்த முறையில் இடம் வலம் என்ற பிரிவே இல்லை. பழைய வகையில் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலும், சற்றே புதிய வகையில் 8,000 ஹெர்ட்ஸுக்கு மேலும் ஒலி வராது. ஆசிரியர் தொலைபேசிக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்பதற்குக் காரணம் இதுதான். மைக்காக மடிக்கணினியில் உள்ளதையே அமைப்புகளில் தேர்ந்துகொண்டால், இயர்ஃபோன் பழைய தரத்துக்குத் திரும்பிவிடும். இந்த ஒரு வரிக்காக ஒருவர் புது இயர்ஃபோன் வாங்காமல் தப்பித்தாலும் போதும்.

18 ஆகஸ்ட் 2024

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, நான் கட்சி மாறிவிட்டதாகச் சொல்கிறார்கள். மாறவில்லை. உட்கார இடம் கிடைக்கிறவர்களுக்கு வயர். செங்கல்பட்டு புறப்படும் இடம் என்பதால் காலையில் தம்பிக்கு இடம் கிடைக்கும் என்றே நினைக்கிறேன். மாலை வண்டிக்கு நான் பொறுப்பில்லை.

24 ஆகஸ்ட் 2024

தம்பி டாங்கிள் வாங்கிவிட்டார். இயர்ஃபோன் இன்னும் வந்து சேரவில்லை. நண்பரின் இயர்ஃபோனைச் செருகிப் பார்த்தால் முழு அளவில் வைத்தும் ஒலி கீழேயே நிற்கிறதாம். தவறு என்னுடையது. ஆப்பிள் டாங்கிளைப் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் செருகினால், டாங்கிளின் உள் ஒலி அளவு குறைந்த நிலையிலேயே நின்றுவிடுகிறது. கைப்பேசியின் பொத்தானால் அதை ஏற்ற முடிவதில்லை. நான் அதை மடிக்கணினியில் மட்டுமே பயன்படுத்தியவன். அங்கே அது முழுதாக ஒரு வோல்ட் கொடுக்கிறது. ஐரோப்பியச் சந்தைக்கான வகையில் அதுவும் பாதிதான். ஒலியின் சுத்தத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனால் கேட்காத ஒலியின் சுத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்கள், டி.ஏ.சி. சிப் உள்ள வேறொரு டாங்கிளை, திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்குங்கள். தம்பி, அதைத் திருப்பிக் கொடுக்கும் கெடு எப்போது முடிகிறது என்று இன்றே பாருங்கள்.

25 ஆகஸ்ட் 2024

முழு அளவில் வைத்தேன் என்று நேற்றைய செய்தியில் படித்தது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரயிலில் எத்தனை அளவு வைக்கிறீர்கள்?

உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, வயதுவந்தவர்களுக்கு 80 டெசிபெல்லில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 83இல் 20 மணி, 86இல் 10 மணி. உங்கள் பயணம் வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம். போகும்போதும் வரும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தால் 84ஐ ஒட்டியே நின்றாக வேண்டும். வீட்டில் கேட்பது அதற்கு மேல். கைப்பேசியில் எத்தனையாவது கோடு 84 என்று எவராலும் சொல்ல முடியாது, ஏனெனில் அது இயர்ஃபோனின் உணர்திறனைப் பொறுத்தது. நான் செய்வது இதுதான்: வீட்டில் அமைதியான அறையில் இதமான அளவை வைத்து அந்தக் கோட்டை நினைவில் கொள்வேன், வெளியே போகும்போது இரண்டு கோட்டுக்கு மேல் ஏற்ற மாட்டேன். அதிலும் கேட்கவில்லை என்றால் காதில் அடைப்பு சரியில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

இரைச்சலோடு போட்டி போட்டு ஒலியை ஏற்றுவதுதான் காதைக் கெடுக்கிறது. நல்ல அடைப்பு இருந்தால் இரைச்சல் குறையும், ஒலியைத் தாழ்த்தியே கேட்கலாம். பேஸ் வருவதற்கு எது தேவையோ அதுவேதான் காது பிழைப்பதற்கும் தேவை. மின்னணு முறையில் இரைச்சலை நீக்கும் வசதியைப் பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். அது விசிறி, ரயில் போன்ற தொடர்ச்சியான தாழ்ந்த ஓசைகளை நன்றாக அடக்கும், பக்கத்துப் பயணியின் கைப்பேசிப் பேச்சை அவ்வளவாக அடக்காது. அதற்குக் காதை அடைக்கும் ரப்பர் முனையே மேல். தண்டவாளத்தைத் தாண்டும்போதும் நடைமேடை ஓரத்திலும் இரண்டு பக்க இயர்ஃபோனையும் காதிலிருந்து எடுத்துவிடுங்கள். இதை விளக்க வேண்டியதில்லை.

1 செப்டம்பர் 2024

வீட்டில் உட்கார்ந்து கேட்கப் பெரிய ஹெட்ஃபோன் தேடுவோர் சிலர் இங்கே சேர்ந்திருப்பதால் அவர்களுக்குச் சுருக்கமாக: காது மெத்தையைத் தொட்டுப் பாருங்கள். தோல்போல் மினுக்கும் செயற்கை உறை, நம் கடலோரப் புழுக்கத்தில் இரண்டு ஆண்டில் செதில்செதிலாக உதிர்ந்து கன்னத்தில் ஒட்டும். அலுவலகத்தில் எனக்குத் தோல் நோய் என்று ஒருவர் அனுதாபப்பட்டதுண்டு. அந்த மாதிரிக்கு உதிரி மெத்தை கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே தேடுங்கள், மெத்தை மாறினால் ஒலியும் கொஞ்சம் மாறும் என்பதையும் அறிந்திருங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், அதன் காம்பு மெத்தைக்கு அடியில் ஓடி அடைப்பைக் கெடுக்கிறதா என்று கண்ணாடியோடே போட்டுப் பாருங்கள். பழைய மேசைக் கணினியில் பச்சைத் துளை ஒலிக்கு, இளஞ்சிவப்புத் துளை மைக்குக்கு; மைக் சேர்ந்த ஒற்றைப் பின் ஹெட்ஃபோனுக்கு இரண்டாகப் பிரிக்கும் வயர் ஒன்று வேண்டும்.

7 செப்டம்பர் 2024

தம்பியின் இயர்ஃபோன் வந்துவிட்டது. வேறு டாங்கிளும் வாங்கிவிட்டார். ஒலி போதுமான அளவு வருகிறது. ஆனால் "பேஸே இல்லை, தகரம்போல் இருக்கிறது, நீங்கள் சொன்ன மிருதங்கத்தில் தொப்பி எங்கே?" என்று கேட்டிருக்கிறார். பெட்டியில் இருந்த மூன்று அளவு ரப்பர் முனைகளில் எதைப் போட்டிருக்கிறீர்கள்? வாங்கும்போது மாட்டி வந்த நடுத்தர அளவையே எல்லோரும் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். பெரியதைப் போடுங்கள். காதை ஒரு கையால் மேலே பின்னோக்கி இழுத்துக்கொண்டு, மறு கையால் சற்றே திருகி உள்ளே விடுங்கள். வயர் காதின் மேல்வழியாகச் சுற்றிப் பின்னால் வர வேண்டும், நேராகத் தொங்கக் கூடாது.

8 செப்டம்பர் 2024

வலக் காதுக்குப் பெரியது சரியாக இருக்கிறதாம், இடக் காதில் வலிக்கிறதாம். இடக் காதுக்கு நடுத்தரமே போடுங்கள். எனக்கும் இரண்டு காதும் ஒரே அளவில்லை. பதின்மூன்று ஆண்டில் இதைக் கண்டுபிடித்தது சென்ற பொங்கலன்றுதான்.

8 செப்டம்பர் 2024, இரவு

"தொப்பி வந்துவிட்டது" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.